சாப்பாட்டுக்கு முன் தின்பண்டம்: குழந்தையின் பசியைக் காப்பது எப்படி?

இரவு எட்டு மணிக்கு ஒரு கிண்ணத்தில் பருப்புச் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு, கூடத்துக்கும் மாடிப்படிக்கும் இடையே குழந்தையின் பின்னால் ஒரு மணி நேரம் நடக்கும் வீடுகள் பல. அந்த வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் தொடங்கியது எட்டு மணிக்கு அல்ல, ஏழு மணிக்கு. வேலை முடிந்து வந்த அப்பாவின் பையிலிருந்த கிரீம் பிஸ்கட்டோ, சமையல் முடியும்வரை அழுகையை அடக்கத் தாத்தா எடுத்துக் கொடுத்த ரஸ்க்கோ, பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கிறானே என்று பாட்டி ஆற்றிக் கொடுத்த ஒரு டம்ளர் பாலோ அந்தச் சோற்றுக்கான இடத்தை ஏற்கெனவே நிரப்பியிருக்கும். கொடுத்தவர்கள் எல்லோரும் அன்பினால்தான் கொடுத்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் குழந்தை வாயை இறுக மூடிக்கொள்ளும்போது, அதற்கு அடம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

தின்பண்டமே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இடையுணவு தேவை. அவர்களின் வயிறு சிறியது, மூன்று வேளையில் அந்த நாளுக்கு வேண்டியதை எல்லாம் உண்ண அவர்களால் முடியாது. எப்போது, எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதைச் சரிசெய்தால் தட்டின் முன் நடக்கும் போராட்டத்தில் பெரும்பகுதி தானாக அடங்கிவிடும் என்பதே நான் சொல்ல விரும்புவது. இங்கே சொல்லப்படும் முறை ஏறத்தாழ இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான, நலமாக வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கானது. நீரிழிவுக்கு இன்சுலின் எடுத்துக்கொள்ளும் குழந்தைகளும், எடைக்குறைவுக்காக மருத்துவர் தனி உணவுத் திட்டம் வகுத்துக் கொடுத்த குழந்தைகளும் அந்தத் திட்டத்தையே பின்பற்ற வேண்டும்.

முதலில் மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், தொடர்ந்து மூன்று நாள்கள் குழந்தையின் வாய்க்குள் போகும் அனைத்தையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். அந்த மூன்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருப்பது நல்லது, ஏனென்றால் விடுமுறை நாளின் வழக்கம் பள்ளி நாளின் வழக்கத்திலிருந்து வெகுவாக மாறுபடும். பால், பழச்சாறு, பக்கத்து வீட்டில் கொடுத்த ஒரு மிட்டாய், கடைக்காரர் கையில் திணித்த ஒரு சாக்லேட், தோசை வார்க்கும்போது அடுப்படியில் நின்று பிய்த்துத் தின்ற ஓரம் என எதையும் விடாமல் எழுதுங்கள். குழந்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று உறுதியாக நம்பும் பெற்றோர், இந்தத் தாளைப் பார்த்த பிறகு, குழந்தை சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டு வேளையில் மட்டும் சாப்பிடுவதில்லை என்று உணர்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது: மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் ஆறு முறை ஏதோ ஒன்று வாய்க்குள் போயிருந்தது, அதில் நான்கு எனக்குத் தெரியாமலே.

பிறகு ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1,360 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 200 மில்லிலிட்டர் பாலில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி சத்துமாவுப் பானத்தூளும் கலந்தால் அது ஏறத்தாழ 220 கலோரி ஆகிறது. அதோடு நான்கு சாதாரண பிஸ்கட் சேர்ந்தால் இன்னும் ஒரு 80 முதல் 100 கலோரி. மொத்தம் முந்நூறைத் தாண்டிவிடும். இது நான்கைந்து சிறிய இட்லிக்கு நிகரானது, அதாவது அந்த வயதுக் குழந்தையின் ஒரு முழு இரவு உணவு. ஏழு மணிக்கு ஒரு இரவு உணவை முடித்துவிட்ட குழந்தையிடம் எட்டு மணிக்கு இன்னொன்றைச் சாப்பிடச் சொல்கிறோம். குழந்தை மறுப்பதில் வியப்பில்லை.

பசி எப்படி எழுகிறது, எப்படி அடங்குகிறது

இரைப்பை காலியாக இருக்கும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற இயக்குநீர் (ஹார்மோன்) சுரந்து மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் மசயசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் இதைக் கண்டறிந்தார்கள். உணவு உள்ளே சென்றதும் இதன் அளவு குறையும். குடலிலிருந்து சுரக்கும் வேறு இயக்குநீர்கள் போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். நமக்குப் பயன்படும் முக்கியமான செய்தி ஒன்று இதில் உள்ளது: கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்தும் உயரக்கூடியது. நாள்தோறும் ஏழரை மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு, ஏழேகாலுக்கே பசிக்கத் தயாராகிவிடும். அரை மணிக்கொரு முறை ஏதாவது கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த ஏற்ற இறக்கமே அமைவதில்லை. நன்றாகப் பசிப்பதும் இல்லை, நிறைவாக உண்டு முடிப்பதும் இல்லை.

உணவின் தன்மைக்கேற்ப அது இரைப்பையில் தங்கும் நேரமும் மாறும். பழச்சாறும் இனிப்புக் கலந்த பானங்களும் விரைவில் இறங்கிவிடும். எண்ணெயில் பொரித்த வடை, சிப்ஸ், முறுக்கு, மிக்சர் போன்றவை கொழுப்பு மிகுந்தவை என்பதால் மெதுவாகவே இறங்கும். அதனால்தான் ஆறரை மணிக்குத் தின்ற ஒரு மெதுவடை எட்டு மணிச் சாப்பாட்டைக் கெடுக்கிறது. நான்கரை மணிக்குத் தின்ற அதே வடை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

இங்கே பெற்றோர் மனம் ஆறுதல் கொள்ள வேண்டிய ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் தம் குழுவினருடன் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 15 குழந்தைகள் ஆறு நாள்களில் உண்டதை அளந்தார்கள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் இடையே குழந்தைகள் உண்ட அளவு பெரிதும் ஏறி இறங்கியது. ஆனால் ஒரு முழு நாளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், நாளுக்கு நாள் பத்து சதவீதம் அளவுக்கே வேறுபாடு இருந்தது. ஒரு வேளை மிகுதியாக உண்ட குழந்தை, அடுத்த வேளையில் தானாகக் குறைத்துக்கொண்டது. ஆகவே தின்பண்டம் தின்ற குழந்தை இரவில் குறைவாக உண்பது பெரும்பாலும் உடம்பின் ஒழுங்கான கணக்கே. குழந்தை பட்டினி கிடந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் கவலைப்பட ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. உடம்பு இவ்வாறு ஈடுசெய்வது கலோரியைத்தான்; சத்துகளை அல்ல. சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன், காய் ஆகியவை இருக்க வேண்டிய இடத்தில் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் வந்து அமர்ந்துகொண்டால், கலோரிக் கணக்கு சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்தும் புரதமும் குறைந்துபோகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், குழந்தை உண்ணும் ஒவ்வொரு கவளமும் எதனால் ஆனது என்பதைப் பொருட்படுத்தாமல் இருக்க நமக்கு வசதியில்லை என்பதை இந்த எண் சொல்கிறது.

நேரத்தை வகுத்தல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாத வீடுகள், நேரத்தை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள். பலன் மிகுதியாகத் தெரிவது அதில்தான். தின்பண்டத்துக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை பகல் உணவை ஏறத்தாழ பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணிக்குள் உண்கிறது. வீட்டுக்கு வரும்போது நான்கரை ஆகிறது. ஓடியாடி விளையாடிய பிள்ளைக்கு நான்கு மணி நேர இடைவெளி மிகப் பெரியது. அந்த நேரத்தில் எழும் பசி உண்மையான பசி, அதற்கு உணவிட்டே ஆக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான்: வந்தவுடன் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாளித்துவிட்டு, பசி தீராத பிள்ளை ஐந்தரைக்குச் சிப்ஸ் கேட்க, ஆறரைக்குப் பால் கேட்க, ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகிறோம். கை, கால், முகம் கழுவி வந்ததும் ஐந்து மணிக்குள், உட்கார வைத்து, வயிற்றுக்கு நிறைவான ஒரு சிற்றுண்டியைக் கொடுத்துவிட்டால், ஏழு அல்லது ஏழரை மணிவரை வேறெதுவும் தேவைப்படாது.

பெரியவர்கள் ஒன்பது மணிக்குச் சாப்பிடும் வீடுகளில் குழந்தையையும் ஒன்பது மணிவரை காக்க வைத்தால் எந்த ஒழுங்கும் நிற்காது. குழந்தைக்கு ஏழரைக்குச் சோற்றைப் போட்டு, அப்போது பெரியவர்களில் ஒருவராவது தாமும் ஒரு தட்டில் சிறிதளவு போட்டுக்கொண்டு கூட உட்காருங்கள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்குப் போகும் முன்பே சிற்றுண்டியைக் கொடுத்துவிடுங்கள். டியூஷன் முடிந்து வரும் வழியில் பெட்டிக்கடையில் நிற்கும் வழக்கம் இரவுச் சாப்பாட்டை முழுவதுமாக விழுங்கிவிடும். பள்ளி வளாகத்துக்குள்ளும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஆனால் வீட்டுக்கு வரும் மீதி வழிக்கு நாம்தான் காவல்.

பள்ளிக்குப் போகாத இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு இடையுணவும் போதும். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்று, பகல் தூக்கத்துக்குப் பின் ஒன்று.

எதைக் கொடுப்பது

சிற்றுண்டி என்பதை நான்காவது சிறிய சாப்பாடாக எண்ணத் தொடங்கினால், எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நம் அடுப்படியில் இதற்குப் பஞ்சமே இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு ஆகியவற்றில் செய்த சுண்டல், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு வாழைப்பழம், வெல்லமும் தேங்காயும் சேர்த்த அவல், பயறு பூரணம் வைத்த கொழுக்கட்டை, கேழ்வரகுப் புட்டு, ஒரு அவித்த முட்டை, தயிரில் நறுக்கிப் போட்ட மாதுளையோ கொய்யாவோ, காலையில் மீந்த இட்லியைத் தாளித்து எடுத்த இட்லி உப்புமா. இரவில் குழந்தை பருப்பைத் தொடவில்லை என்றாலும், மாலைச் சுண்டலில் அது ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் என்பது தாய்க்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கடலையும் பயறும் நேரமெடுப்பவை என்று தோன்றினால், ஞாயிற்றுக்கிழமை இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, மூன்று பங்காக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு நிலக்கடலை, வறுத்த பட்டாணி, முழுக் கொண்டைக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள்; அவை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள், சுண்டலை மசித்துக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும்போது வாயில் எதையும் போடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, சின்னக் கிண்ணம் ஒன்றில் போட்டுக் கொடுப்பதே எளிய வழி. பொட்டலத்தை அப்படியே கையில் கொடுத்தால் அது முடியும்வரை கை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். உட்கார்ந்து உண்ணட்டும், தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும், ஏனென்றால் திரையைப் பார்த்துக்கொண்டு உண்ணும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. முறுக்கையும் அதிரசத்தையும் வீட்டிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் செய்த பலகாரத்தை மறைத்து வைத்தால் அதன்மீது ஏக்கம்தான் கூடும். அதையும் அதே ஐந்து மணிக் கிண்ணத்தில், ஒரு பழத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பசிக்கிறது என்று அழுதால்

குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை, குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. எல்லாத் திட்டமும் குலைவது இந்த நேரத்தில்தான். அப்போது பிஸ்கட் டப்பாவை எடுக்காமல், இரவுச் சாப்பாட்டிலேயே எது தயாராக இருக்கிறதோ அதை முன்கூட்டிப் பரிமாறுங்கள். பொரியலுக்கு வேகவைத்த கேரட், பீன்ஸ், பீட்ரூட், உப்பும் மிளகும் தூவிய வெள்ளரித் துண்டு, ஒரு சிறு கிண்ணம் வெதுவெதுப்பான ரசம், நெய் விட்ட பருப்பு இரண்டு கரண்டி ஆகியவற்றில் எதுவானாலும் சரி. பசி மிகுந்திருக்கும் அந்த நேரத்தில் தட்டில் போட்டியில்லாமல் தனியாக வந்த காயைப் பிள்ளைகள் கூடுதலாக உண்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டின் தொடக்கத்தில் கேரட்டை மட்டும் முதலில் பரிமாறி, அதன் அளவைக் கூட்டியபோது, பாலர் பள்ளிக் குழந்தைகள் கூடுதலாகக் காய் உண்டார்கள். சாப்பாட்டுக்கு முந்தைய கொறிப்பு பசியைக் கெடுக்கும் என்ற அதே உண்மையை இப்படிக் காய்க்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். பச்சைக் கேரட்டைச் சிறு குழந்தைக்குத் துருவியோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும்.

இந்த அழுகை நாள்தோறும் வந்தால், குழந்தையைத் திருத்த முயலாமல் சாப்பாட்டு நேரத்தை அரை மணி முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

பால் ஒரு சாப்பாடு

பாலைத் தண்ணீர்க் கணக்கில் வைப்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய பழக்கம். ஒன்றும் சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்ற எண்ணத்தில், இரவுச் சோற்றை மறுத்த குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் இனிப்புப் பால் கிடைக்கிறது. சோற்றை மறுத்தால் பால் வரும் என்பதைக் குழந்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் பால் போதும் என்பது குழந்தைநல மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதன் கால்சியம் மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கும். நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு இரத்தசோகை இருப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பாலைக் காலையிலும் மாலைச் சிற்றுண்டியோடும் கொடுங்கள். படுக்கும் முன் கொடுப்பதாக இருந்தால், இரவில் என்ன உண்டாலும் உண்ணாவிட்டாலும் அதே சிறு டம்ளர், சர்க்கரை இல்லாமல், பல் துலக்குவதற்கு முன்பு. தேநீரையும் காப்பியையும் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்; அவை பசியை மந்தமாக்குவதோடு உணவிலுள்ள இரும்பையும் வீணாக்கும்.

தட்டின் முன் வந்த பிறகு

இவ்வளவும் செய்த பிறகும் குழந்தை நான்கு கவளத்தில் எழுந்துவிடக்கூடும். எழட்டும். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். இந்தப் பொறுப்புப் பிரிவினையை அமெரிக்க உணவியல் அறிஞர் எல்லின் சாட்டர் வகுத்தார், குழந்தை உணவு பற்றி நான் அறிந்தவற்றுள் மிகவும் பயன்பட்ட கருத்து இதுவே. அதட்டியும் கெஞ்சியும் ஊட்டப்படும் குழந்தை குறைவாகவே உண்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. முதலில் சிறிதளவே பரிமாறுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள்; இருபது முதல் முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பிஸ்கட் கேட்டால், சாப்பாடு முடிந்துவிட்டது, பசித்தால் இந்தத் தட்டில் இருப்பதைச் சாப்பிடலாம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். குரலில் கோபமோ தண்டனையோ தெரியக் கூடாது. முதல் மூன்று, நான்கு நாள்கள் கடினமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

கூட்டுக் குடும்பத்தில் இந்த ஒழுங்கைத் தாய் தனியே காக்க முடியாது. பேரனுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற தாத்தாவின் ஆசையைத் தடுப்பது அவரை நோகடிக்கும். அதை ஐந்து மணிக்கு நகர்த்துவது நோகடிக்காது. “மாமா, சாயந்தரச் சுண்டலை இனிமே நீங்களே குடுங்க, உங்க கையால குடுத்தாதான் சாப்பிடுறான்” என்று ஒரு மருமகள் சொன்னால், அந்த வேலையை அவர் யாரையும்விடப் பொறுப்பாகச் செய்வார். கடையிலிருந்து எதையாவது வாங்கி வந்தே தீர வேண்டும் என்பவரிடம் கொய்யாவோ நாட்டு வாழைப்பழமோ வாங்கி வரச் சொல்லலாம். குழந்தையின் எதிரில் மட்டும் பெரியவர்களோடு வாதிடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

முதல் ஆண்டில் பிறப்பு எடையைப் போல் மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோ அளவே கூடுகிறது; ஆகவே ஒரு வயதுக்குப் பின் பசி குறைவது இயல்பு. ஆனால் எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, மண், சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி ஆகியவற்றைத் தேடித் தின்றாலோ, முகம் வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ, நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தாலோ, நான்கைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் தொடவே மறுத்தாலோ, தின்பண்ட நேரத்தை மாற்றுவது மட்டும் போதாது. குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைக் குழந்தை விழுங்கியதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பசியைத் தூண்டும் மருந்துகளைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, எடையும் உயரமும் குறித்த தடுப்பூசி அட்டையோடு, அந்த மூன்று நாள் குறிப்புத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை அதில் இருக்கும்.